பேர் சொல்லி வைத்த பணம்

போன மாதம் என் மகள் என்னுடைய கம்ப்யூட்டரில் வீட்டுக் கணக்கு எழுதுகிற மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பென்ஷன் வாங்குகிற அம்மா பாதி மாதத்திலேயே கையைப் பிசைகிறாளே என்கிற கவலை அவளுக்கு. அதில் ஒரு வசதி இருக்கிறது. வங்கியில் கிடக்கிற சேமிப்பில் இவ்வளவு வைத்தியத்துக்கு, இவ்வளவு பிரயாணத்துக்கு என்று பேர் போட்டு ஒதுக்கிவிடலாம். பணம் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். ஆனால் மென்பொருள் அதை மறைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் உன் கையிருப்பு என்று காட்டும். "உன் பணத்தை உன்கிட்டருந்தே காப்பாத்துதும்மா, பாத்தியா" என்று மகள் பெருமையாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே காரியத்தைக் காகிதம் பென்சில்கூட இல்லாமல் செய்துகொண்டிருந்த ஒருத்திக்குப் பக்கத்து வீட்டில் பல வருஷம் குடியிருந்தவள் நான்.

எழுபதுகளின் கடைசியில் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை கிடைத்துப் போனேன். கல்யாணம் ஆகவில்லை. கோயிலுக்குப் பின்னால் ஒரு வளவில் வாடகைக்கு இடம் கிடைத்தது. வளவு என்றால் ஒரே வாசலுக்குள் வரிசையாக நாலு வீடு, நடுவில் ஒரு கிணறு, கிணற்றடியில் நாலு வீட்டுச் சண்டை. என் சுவரை ஒட்டிய வீடு மதினியுடையது. எனக்கு அவள் எந்த முறையிலும் மதினி இல்லை. கொஞ்சம் மூத்த பெண்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல்.

மதினியின் வீட்டுக்காரருக்கு, நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவருக்கு, குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற வழியில், ஒரு சின்னக் கடை. எண்ணெய், சீயக்காய், சோப்பு, துண்டு. சாரல் விழுகிற மாதங்களில் கடையில் நிற்க இடம் இருக்காது. சீசன் முடிந்துவிட்டால் அண்ணாச்சி செங்கோட்டைப் பக்கம் மரக்கடைக்கு, வேலை கிடைத்த நாளில் மட்டும், கூலிக்குப் போவார். ஆக மூன்று மாதம் சம்பாதித்துப் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டிய குடும்பம். வீட்டில் அவர்கள் இரண்டு பேர், மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள், அப்புறம் அண்ணாச்சியின் அப்பா.

பணம் பூராவும் அரிசிப் பானைக்குள் ஒரு பித்தளைச் செம்பில் கிடக்கும். பொட்டலம், முடிச்சு, தனி டப்பா ஒன்றும் கிடையாது. எல்லாம் ஒரே குவியல். ஆனால் அதில் இருந்த ஒவ்வொரு நோட்டுக்கும் மதினியின் மனசில் ஒரு பேர் இருந்தது. கூரை, பள்ளிக்கூடம், கடை, சடங்கு. கூரை என்றால் ஓடு மாற்ற. கடை என்றால் அடுத்த சீசனுக்குச் சரக்குப் பிடிக்க. சடங்கு என்றால் மகள் பெரியவளானால் செய்ய வேண்டிய விசேஷத்துக்கு. இவற்றையெல்லாம் அவள் ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவாள். "கூரைக்கு இந்த மாசம் ஒண்ணும் குடுக்க முடியல, பாவம்" என்பாள். "சடங்கு பரவாயில்ல, தேறிட்டா" என்பாள். கணக்குப் போடும்போது மேலே கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைப்பாள். அந்த நேரத்தில் யாராவது குறுக்கே பேசினால் தொலைந்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள், நடுவில் நமக்குத் திட்டும் விழும்.

"தனித்தனியா வைக்கக் கூடாதா மதினி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு? எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளையதான. படுக்கது ஒரே பாயில படுத்துக்கிடட்டும். தட்டு மட்டும் வேற வேறயா இருந்தாப் போதும்" என்றாள்.

நான் குடிவந்த புதிதில், மாதக் கடைசியில் அவளிடம் பத்து ரூபாய் கைமாற்றுக் கேட்டேன். சேலைக்காரருக்குத் தவணை கட்ட வேண்டும். என் சம்பளம் என்றைக்கும் இருபதாம் தேதியைப் பார்த்ததில்லை. "என்கிட்ட ஒரு பைசா இல்லையே தாயி" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சரி என்று வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே அவள் முற்றத்தில் உட்கார்ந்து செம்பைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். மடி நிறைய நோட்டு. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்தாள்.

"ஏட்டி, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா ஆச்சா? நான் பொய் சொல்லல. என்கிட்ட இல்லதான். அது கூரைக் காசு, பள்ளிக்கூடக் காசு. என் காசு அதுல எங்கன இருக்கு? கூரைகிட்டக் கேட்டுட்டேன். இந்தா பத்து ரூவா. ஒண்ணாந்தேதி குடுத்துரணும். கூரை பாவப்பட்டது, சும்மா வாங்கப்படாது. ஒரு ஓடு காசு சேத்துக் குடு."

சம்பளம் வாங்கியதும் பத்து ரூபாயோடு கூரை ஓடு ஒன்றையே வாங்கிக்கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தேன், கேலிக்காகத்தான். அவள் சிரிக்கவே இல்லை. விரலால் சுண்டிச் சத்தம் கேட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல ஓடா இருக்கு. கூரைக்குச் சொல்லிருதேன்" என்று உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளைக் கேலி செய்ய முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆனால் விடவில்லை, தொடர்ந்து செய்துகொண்டுதான் இருந்தேன்.

அவளுடைய சட்டத்தில் ஒரு வழி இருந்தது. ஒரு பணத்தை இன்னொன்றுக்கு எடுக்க வேண்டுமானால், அது யாருடையதோ அவர் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். கூரை பேசாது, அதனால் அதற்கு அவளே வக்கீல். மற்றவற்றுக்கு ஆள் இருந்தது. ஒரு வருஷம் சாரல் முந்திக்கொண்டு நன்றாகப் பிடித்தது. கடையில் துண்டு தீர்ந்துவிட்டது. அண்ணாச்சி ஓடிவந்து, பள்ளிக்கூடப் பணத்தைக் கொடு, ஒரு வாரத்தில் திருப்பிப் போட்டுவிடுகிறேன் என்று நின்றார். "என்கிட்டக் கேட்டா? பள்ளிக்கூடத்துக்குப் போறவகிட்டக் கேளுங்க" என்றாள் மதினி. அந்த மனிதர், சீசன் நேரத்தில், பஸ்ஸை விட்டுவிட்டு, பாண்டி ஆடிக்கொண்டிருந்த எட்டு வயது மகள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து விஷயத்தை விளக்கினார். அந்தக் குட்டி யோசித்துவிட்டு, "நோட்டு வாங்கதுக்கு முன்ன குடுத்துருவியாப்பா?" என்று கேட்டது. கொடுத்துவிடுவேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் செம்பு வெளியே வந்தது.

செம்பில் இன்னொரு பேரும் இருந்தது. மாமா.

மாமா என்றால் அவளுடைய மாமனாரின் சாவு. விறகிலிருந்து கோடித்துணி வரைக்கும் எல்லாவற்றுக்குமாக மாசாமாசம் அவள் போட்டுவந்தாள். அதை ஒளித்துச் செய்கிற வழக்கமும் அவளிடம் இல்லை. பெரியவர் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். இவள் எதிரே உட்கார்ந்து, "மாமாவுக்கு இந்த மாசம் அஞ்சு ரூவா போட்டாச்சு" என்பாள். அவர் தலையை நிமிர்த்தாமல், "எங்கன போட்ட? எனக்கு ஒண்ணும் வந்து சேரலியே" என்பார். எனக்கு முதலில் இது குரூரமாகப் பட்டது. உயிரோடு இருக்கிற மனிதனின் முகத்துக்கு நேரே இப்படியா என்று இருந்தது. பிறகு பார்த்தால் அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும்தான் ஒத்துப்போகும். பெரியவர் அந்தக் காலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை பார்த்தவர். "எத்தனை பண்ணையார் முதுகு இந்தக் கைக்குத் தெரியும் தெரியுமா" என்று கையை விரித்துக் காட்டுவார். மதினிக்குத் தலைவலி வந்தால் அந்தக் கைதான் அவள் நெற்றியில் தைலம் தேய்க்கும். அண்ணாச்சிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஏன் இப்படிச் சாவுக்குச் சேர்க்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். சீசன் முடிந்து கூட்டம் இல்லாத ஒரு நாள், ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். மதினி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"எங்கய்யா அச்சன்புதூர்ல செத்தாவ. வீட்டுல அஞ்சு காசு இல்ல. அண்ணன்மாரு ரெண்டு பேரும் கடனுக்குப் போய்ட்டானுவ. சாயந்தரம்தான் ஒருத்தரு ரூவாயோட வந்தாரு. வந்தவரு ஈடுக்குக் கன்னுக்குட்டியப் பாக்கணும்னாரு. பாத்தாரு. பல்லப் பிடிச்சுப் பாத்தாரு. பிறகு காப்பி கேட்டாரு. காப்பி ஆறட்டும்னு உக்காந்திருந்தாரு. அது வரைக்கும் எங்கய்யா வாசல்ல காத்துக் கெடந்தாவ. செத்த மனுசனுக்கு என்னட்டி அவசரம்னு நீ நினைப்ப. எனக்கு அந்தக் காப்பி ஆறுதத இன்னும் மறக்க முடியல. என் வீட்டுலருந்து ஒரு பொணம் கடனுக்குக் காத்துக் கெடக்காது."

அதற்குப் பிறகு அவளுடைய மாமா கணக்கைப் பற்றி நான் கேலி பேசியதில்லை.

பெரியவருக்குப் பற்கள் ஒன்றொன்றாக விழுந்து கடைசியில் ஈறு மட்டும் மிஞ்சியது. கஞ்சி, ரசஞ்சாதம், குழைத்த இட்லி. குற்றாலத்தில் கடைக்குக் கடை நேந்திரங்காய் சிப்ஸைத் தேங்காயெண்ணெயில் பொரிப்பார்கள். அண்ணாச்சி வரும்போது ஒரு பொட்டலம் வாங்கி வருவார். பெரியவர் ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டு, அது ஊறிக் கரைகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். இவரைவிட வயசாளி. வாய் நிறைய பல். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார். பெரியவர் வீட்டுக்கு வந்ததும் மருமகளைக் கூப்பிட்டார்.

"எனக்குப் பல்செட்டு வேணும்."

மதினி விசாரித்துக்கொண்டு வந்தாள். தென்காசியிலேயே பல் கட்டுகிற டாக்டர் இருந்தார். அவர் சொன்ன தொகை அண்ணாச்சிக்கு மரக்கடையில் மூன்று மாதக் கூலி. மதினி செம்பில் 'பல்லு' என்று புதுப் பேர் ஒன்றைத் தொடங்கினாள். தொடங்கிய வருஷம் பார்த்துச் சாரல் பொய்த்தது. அருவியில் நூல் மாதிரித் தண்ணீர். அண்ணாச்சி கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டினார். 'பல்லு' கணக்கில் ஒன்றும் சேரவில்லை. அதற்குள் பெரியவர் இளைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த எண்ணெய் தேய்த்த கை எலும்பாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு, நோய் ஒன்றும் இல்லை, மென்று நன்றாகச் சாப்பிட்டால் தேறிவிடுவார் என்றார்கள். எதால் மெல்வது என்று அவர்கள் சொல்லவில்லை.

"மாமா கணக்குல இருக்குல்லா, அதை எடு" என்றார் பெரியவர்.

"அது உங்களுக்கு இல்ல மாமா. உங்க சாவுக்கு."

"ரெண்டும் நான்தானட்டி. கூரைகிட்டக் கேக்க, பிள்ளைகிட்டக் கேக்க. என் காசுக்கு நான் முதலாளி. நான் சொல்லுதேன், எடு."

"நீங்க முதலாளி இல்ல. செத்த மாமாதான் முதலாளி. அவுக வந்து சொல்லட்டும், குடுக்கேன்."

அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "கேட்டியா பிள்ள. வாய்க்கரிசிக்குக் காசு வச்சிருக்கா. வாயில மெல்லுத அரிசிக்கு வழி இல்ல."

நான் சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போய்ச் சும்மாவே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பட்டினி போட அவளுக்கு மனசில்லை. அந்தப் பணத்தைத் தொடவும் முடியவில்லை. அவளுடைய அப்பா வாசலில் கடனுக்காகக் காத்துக் கிடந்தது அவளுக்குள்ளே அப்படியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அண்ணாச்சி வேலைக்குப் போயிருந்தார்.

"எக்ஸ்சேஞ்சுப் பிள்ள, நீ சாட்சி. காதுல கேட்டத வெளிய சொல்லாம இருக்கதுக்குத்தான உனக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்கு. மருமவளே, என் சாவுக்கு என்னெல்லாம் வச்சிருக்க, வரிசையாச் சொல்லு."

மதினி ஓட்டைப் பார்த்தாள். "விறகு, வறட்டி. கோடி. நீர்மாலைச் செலவு. சங்கு. மேளம். வேட்டு. பூத்தேர். சுடுகாட்டுக் கூலி. வாறவங்களுக்குக் காப்பி."

"மேளம் எதுக்கு?"

"ஊருக்குக் கேக்கணும்லா."

"எனக்குக் கேக்காதுல்லா. மேளத்த எடுத்துரு. வேட்டையும் எடுத்துரு. உசிரோட இருக்கும்போதே வேட்டுன்னா எனக்கு ஆகாது."

"காப்பியக் கொஞ்சம் கொறைக்கலாம் மாமா."

"காப்பில கை வைக்காத. வாறவன் நாக்கு வறளக் கூடாது." பிறகு பெரியவர் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் எந்தச் சாவு போனாலும் வாசலுக்கு வந்து நின்று பாடைக்கு மேல் கட்டின பூத்தேர் எத்தனை அடுக்கு, என்ன பூ என்று பார்த்துச் சொல்கிற மனுஷன் அவர். தேர் இல்லாமல் போகிறவன் நாதியற்றவன் என்பது அவர் வாயிலிருந்தே நான் கேட்டது. "தேரையும் எடுத்துரு. நாலு கம்பு வச்சுக் கட்டித் தூக்குங்க, போதும்."

"தேர் இருக்கட்டும் மாமா" என்றாள் மதினி.

"தேர் இருந்தா பல்லு வருமா? கணக்குப் போட்டுச் சொல்லு."

அவள் மறுபடியும் ஓட்டைப் பார்த்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை உதடு அசைந்தது. "வராது" என்றாள்.

"அப்ப எடுத்துரு. ஆனா ஒண்ணு. இது நம்ம மூணு பேரோட போகணும். என் மகனுக்கும் தெரியக் கூடாது, ராயகிரில இருக்க என் மகளுக்கும் தெரியக் கூடாது. பல்லுக்காகத் தேர வித்த கெழவன்னு ஊரு சிரிக்கும்."

அண்ணாச்சியிடம், கூரை கொடுத்தது என்று மதினி சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் புருஷனிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பல் வந்தது. முதல் ஒரு வாரம் பெரியவர் பேசியதெல்லாம் விசில் அடித்தது. பிறகு பழகிவிட்டது. பழகிய அன்றைக்குக் குற்றாலத்துக்குப் போய், அடுப்பிலிருந்து இறக்கிய சிப்ஸை வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்து தின்றார். அந்த நொறுக்குகிற சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. மதினி வாசற்படியில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெதுவா மாமா, பல்லு ஓடிராது" என்றாள். அவர் தேறிவிட்டார். கறி கேட்டார், வறுத்த கடலை கேட்டார், சீடையில் உப்பு இல்லை என்று குறை சொன்னார். நான் ட்யூட்டி முடிந்து வரும்போது, பக்கத்தில் யாரும் இல்லையென்றால், "என் தேரப் பாத்தியா பிள்ள" என்று வாயை அகலத் திறந்து காட்டுவார். இப்படிச் சில சீசன் போயின. அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.

ஆடி மாதம், சீசன் உச்சத்தில் இருக்கும்போது, ஒருநாள் காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மதினி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. செம்பை மடியில் வைத்துக்கொண்டு, விறகுக்கு ஒருவரை, கோடிக்கு ஒருவரை, சங்குக்கு ஒருவரை என்று பணம் கொடுத்து அனுப்பினாள். மத்தியானத்துக்குள் எல்லாம் தயார். யாரும் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. ராயகிரியிலிருந்து மகளும் மருமகனும் வந்தார்கள். மகள் அழுது முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வெறும் பாடை.

"எங்கப்பாவுக்குத் தேர் எங்க?"

மருமகன் அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பையில் கையை விட்டார். "காசு இல்லைன்னா சொல்ல வேண்டியதுதான மாப்ள? நான் தாறேன். சீசன் முடிஞ்சு குடுங்க. பூக்கடைக்கு ஆள் அனுப்புங்க, ஒரு மணி நேரம் பொறுத்துத் தூக்குவோம்."

அண்ணாச்சிக்கு அவமானத்தில் முகம் கறுத்துவிட்டது. மதினியிடம் வந்து, "செம்புல இருக்குல்லா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கு. அது மாமாவோடது இல்ல."

அவள் குரலுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வளவு முழுக்கக் கேட்டது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அவளுடைய மகள், எட்டாவது படிக்கிற பிள்ளை, முன்னால் வந்தது. "யம்மா, என் சடங்குக்கு வச்சிருக்கல்லா, அதை எடுத்துக்கோ. நான் தாறேன்."

மதினியின் சட்டப்படி அது போதும். அது யாருடைய பணமோ அவளே சொல்லிவிட்டாள். கொடுத்துவிட்டால் பேச்சும் நின்றுவிடும். கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் மகளின் தலையைத் தடவினாள்.

"வேண்டாம் தாயி. தாத்தா தேர் வேண்டாம்னுட்டாவ. அவுக சொன்னது சொன்னதுதான்." பிறகு புருஷனைப் பார்த்தாள். "அவுகளக் கடனுக்குக் காக்க வைக்காதிய. இப்பத் தூக்குங்க."

"பொணத்துலயும் மிச்சம் பிடிக்காளே, பாவி" என்றாள் ராயகிரிக்காரி. தேர் வேண்டாம் என்று எந்த அப்பன் சொல்வான் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாயைத் திறந்தேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் நெளிந்துபோகிற மாதிரிப் பிடி. நான் வாயை மூடிக்கொண்டேன். பெரியவரின் உதடு லேசாகப் பிரிந்து, பல் வரிசை தெரிந்தது. அவர் தேரோடுதான் போகிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். மேளம் இல்லாமல், வேட்டு இல்லாமல், நாலு கம்பில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு கிணற்றடியில் அவளுடைய பேர் கெட்டது. அவள் காதில் விழும்படியே பேசினார்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த நாத்தனார் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. மதினி ஒருத்தியிடமும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

பதினாறு கழிந்த மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மதினி வந்து வாசலில் நின்றாள். கையில் மடித்த நோட்டுகள் கொஞ்சம் இருந்தன.

"இது மிஞ்சிட்டு. சீசன் நேரமா, குற்றாலத்துலருந்து ஆளு வரல. காப்பிக்கு வச்சது மிச்சம்."

"நல்லதுதான மதினி. கூரைக்குப் போட்டுருங்க."

"கூரை எப்பிடி வாங்கும்? இது மாமாவோடதுல்லா."

"கூரை வேண்டாம்னா பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கணும்னா மாமாட்டக் கேக்கணும்." வழக்கம்போல ஓட்டை அண்ணாந்து பார்த்தாள். உதடு அசையத் தொடங்கி நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"மாமா எங்கட்டி இருக்காவ?"

அப்படியே என் வாசற்படியில் உட்கார்ந்து, அந்த நோட்டுகளை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கனத்த குரலில் அவள் அழுது அதுவரை நான் கேட்டதே இல்லை. கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். அன்று நான் எக்ஸ்சேஞ்சுக்குப் போகவில்லை.